பெரிதாகப் பேசப்படாத, ஆனால் இருக்கையை விட்டு எழும்ப விடாத தமிழ்ப் படம் எது?

உவர்மலையில் இருந்து கேட்டிருக்கிறீர்கள், நானும் திருகோணமலைதான். இங்கே நாலு பேர் கூடினால் பெரிய நடிகர்களின் படக்கதைதான். அதனால் ‘குற்றமே தண்டனை’ (2016) பலருக்குத் தவறிப்போனது.

‘காக்கா முட்டை’ எடுத்த மணிகண்டனின் படம். விதார்த்துக்குப் பார்வை குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல் சுருங்கிக்கொண்டே போகிறது. சிகிச்சைக்குக் காசில்லை. அந்த நேரம் ஒரு கொலைக்குச் சாட்சியாகிறான். வாயைத் திறக்காமலிருக்க விலை பேசுகிறான். இதற்குமேல் சொல்லமாட்டேன். அவன் கண்ணால் காட்டும் இடங்களில் திரையில் ஒரு சிறு வட்டம்தான் தெரியும், சுற்றிவர இருட்டு. அந்த இருட்டுக்குள் என்ன நிற்கிறதோ என்று நமக்கும் நெஞ்சு படபடக்கும். பாட்டே கிடையாது, இளையராஜாவின் பின்னணி இசை மட்டும். அதுவும் பல இடங்களில் பேசாமல் இருக்கிறது, அதுதான் கெட்டித்தனம்.

தொடர் வேண்டுமென்றால் விமல் நடித்த ‘விலங்கு’ (2022). ஏழே பகுதி. பொலிஸ் நிலையத்தின் அன்றாட அலுப்பை இவ்வளவு உண்மையாகக் காட்டிய தொடர் குறைவு. இரவு தொடங்காதீர்கள், அடுத்தநாள் வேலை கெடும்.

நம் நாட்டுப் படமென்றால் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த ‘பொன்மணி’. திகில் இல்லை, ஆனால் சாதி ஒரு வீட்டை நெரிக்கும் விதம் எந்தத் திகிலுக்கும் குறையாது.