வாசகர் கேள்வி – பதில்: கரையில் கிடக்கும் பலநாள் படகை வாங்கித் திருத்தலாமா?

கேள்வி: கொட்பேப் பக்கம் 42 அடி பைபர் பலநாள் படகு ஒன்று மூன்று வருடமாகக் கரையில் கிடக்கிறது. உரிமையாளர் 28 இலட்சம் கேட்கிறார். இஞ்சின் உள்ளேயே இருக்கிறது. வெளியில் பார்க்க உடல் நல்லாய்த்தான் தெரிகிறது, போன மாதம் புதுப் பெயின்ற்றும் அடித்திருக்கிறார்கள். நானும் தம்பியும் ஒருநாள் படகில் தொழில் செய்கிறோம். சின்னச் சின்ன பைபர் வேலை எங்களுக்குத் தெரியும். இப்போது மாசி. வாடைக்கு முதல் திருத்தி இறக்கிவிடலாமா?
– வாசகர், திருக்கடலூர்

பதில்: விலைப் பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். விற்பவரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: "துளை போட்டுப் பார்க்க விடுவீர்களா?" விடமாட்டேன் என்றால் அந்தப் படகை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். போன மாதம் பெயின்ற் அடித்த படகைத் துளை போடாமல் யாரும் வாங்கக் கூடாது.

ஏன் இப்படி அடித்துச் சொல்கிறோம் என்றால், பைபர் உக்குவதில்லை, அதற்குள் இருப்பதுதான் உக்குகிறது. மேல்தளத்துக்குள் பிளைவுட், அடியில் நீளவாக்கில் ஓடும் ஸ்டிரிங்கருக்குள் மரம், ஐஸ் அறையைச் சுற்றிப் போம். மூன்று வருடம் மூடாமல் கிடந்த படகு மூன்று வாடை மழையையும் குடித்திருக்கும். தண்ணீர் போகிற வழி பெரும்பாலும் ஆணித் துளைகள்தான். கைப்பிடி, வலை உருளை, கப்பிக் கட்டை என்று தளத்தில் பூட்டிய ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் பாருங்கள், செம்மஞ்சள் கறை வழிந்திருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

ஒரு பிளாஸ்ரிக் தலைச் சுத்தியலும் சோக்குக் கட்டியும் கொண்டு போங்கள். தளத்தில் ஒரு சாண் இடைவெளிக்குத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் "டக், டக்" என்று தெறித்துக் கேட்கும். உள்ளே பிரிந்த இடமும் ஊறிய இடமும் "தொப்" என்று அமுங்கிப் பேசும். தொப்பென்ற இடங்களை வட்டம் போட்டு, கடைசியில் அளவெடுங்கள். வெளி உடலையும் நீர்மட்டத்துக்குக் கீழே இதே மாதிரித் தட்ட வேண்டும். அங்கே கொப்புளம் இருந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்துங்கள், அதற்குள் இருக்கும் நீர் பீறிட்டுக் கண்ணில் படும். அந்த நீர் வினாகிரி மாதிரிப் புளித்து மணந்தால், தண்ணீர் ரெசினுக்குள்ளேயே (பைபரைப் பிணைக்கும் பிசின்) போய் அதைக் கரைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பத்துப் பதினைந்து கொப்புளத்தைத் தோண்டி அடைக்கலாம். அடி முழுக்கக் கொப்புளம் என்றால் சுரண்டி, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, மாதக் கணக்கில் காயவிட வேண்டும். உங்கள் நாட்காட்டியில் அதற்கு இடமில்லை.

அடுத்தது ஸ்டிரிங்கர். இஞ்சின் உட்காரும் கட்டையும் அதோடு சேர்ந்ததுதான். பக்கவாட்டில், அடியோடு ஒட்டிய இடத்தில் 6 மில்லிமீற்றர் துளை போட்டு, துரப்பணத்தில் வரும் தூளை உள்ளங்கையில் ஏந்துங்கள். வெளிறிய, உலர்ந்த, ஊதினால் பறக்கிற தூள் என்றால் நிம்மதி. தேயிலைச் சக்கை மாதிரிக் கறுத்து, விரலில் ஒட்டி, புளித்த மணம் வந்தால் மரம் போய்விட்டது. இரண்டு பக்கமும் மூன்று மூன்று இடத்தில் பாருங்கள். பார்த்த துளைகளை எப்பொக்சியால் அடைத்துக் கொடுத்துவிட்டு வருவது உங்கள் கடமை.

ஐஸ் அறைதான் பலரையும் ஏமாற்றுகிற இடம். உட்பக்கத்தில் வெள்ளையாய், சுத்தமாய்த் தெரியும். சுவரின் அடிப்பகுதியில் ஒரு 50 மில்லிமீற்றர் வட்டத்தை வெட்டிப் போமை வெளியில் எடுங்கள். நல்ல போம் பாண் தோல் மாதிரி மொறுமொறுப்பாக, பஞ்சு மாதிரி இலேசாக இருக்கும். கெட்டது கையில் கனக்கும், பிழிந்தால் மீன் வாடையோடு தண்ணீர் சொட்டும். 30 சதுர மீற்றர் சுவருக்கு 10 சென்ரிமீற்றர் தடிப்பில் 3 கன மீற்றர் போம் வரும். காய்ந்த நிலையில் அது ஏறக்குறைய 120 கிலோ. அதன் கனவளவில் மூன்றிலொரு பங்கு தண்ணீரானால் ஒரு தொன் கூடுதலாகிறது. அந்த ஒரு தொன்னை ஒவ்வொரு பயணமும் டீசல் எரித்துச் சுமப்பீர்கள். ஈரப் போம் குளிரையும் தாங்காது, ஐஸ் பாதி வழியில் கரைந்து மீன் தரம் இறங்கிவிடும். பழைய போமைக் காயவைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உட்சுவரை வெட்டி எடுத்துப் புதிதாகத்தான் ஊற்ற வேண்டும். ஊற்றும்போதும் ஓர் அடி உயரம் ஓர் அடி உயரமாக, முந்தியது ஆறிய பிறகே அடுத்ததை ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் பொங்குகிற வேகத்தில் சுவர் வயிறு தள்ளிவிடும்.

இன்னொன்று பலர் பார்ப்பதேயில்லை: ஏரா, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு, நேராக இருக்கிறதா என்பது. இரண்டே கட்டையில் மூன்று வருடம் நின்ற படகு நடுவில் தொய்ந்திருக்கலாம். அணியத்தின் அடியிலிருந்து பின்புறம் வரை ஏராவோடு ஒரு தங்கூசியை இறுக்கிக் கட்டிப் பாருங்கள். படகு கட்டும்போதே வைத்த வளைவு வேறு, அது ஒரே சீராக ஓடும். கட்டை முட்டிய இடத்தில் மட்டும் உள்ளே அமுங்கி, பக்கத்தில் வெடிப்பும் ஓடியிருந்தால் அது உங்களுக்கான படகு அல்ல.

இனி முடிவு. தளம் மட்டும் ஊறியிருந்தால் தாராளமாக எடுங்கள், நீங்கள் இருவருமே செய்யலாம். போம் மட்டும் போயிருந்தால் அதை மாற்றும் முழுச் செலவையும் கேட்ட விலையில் கழித்துப் பேசுங்கள். ஸ்டிரிங்கர் போயிருந்தால் இஞ்சின், டீசல் தாங்கி, அடித்தளம் எல்லாம் வெளியில் வர வேண்டும். அதோடு போமும் போயிருந்தால் 28 இலட்சமென்ன, 8 இலட்சத்துக்குத் தந்தாலும் வேண்டாம். தொழிலையும் விடாமல் கிடைக்கிற நேரத்தில் இரண்டு பேர் செய்யக்கூடிய வேலையல்ல அது.

தளத்துக்குப் பொருள் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. 12 சதுர மீற்றர் ஊறியிருக்கிறது என்று வைப்போம். 12 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட் எட்டுக்கு நாலு தகடு, வெட்டுக் கழிவோடு 5 வேண்டும். மேலே சதுர மீற்றருக்கு 450 கிராம் மேட் (கண்ணாடி நார்ப் பாய்), 600 கிராம் ரோவிங் (நெய்த கண்ணாடி நார்த் துணி), மறுபடி 450 கிராம் மேட் என்று மூன்று படை போட்டால் மேட் 11 கிலோ, ரோவிங் 7 கிலோவுக்குச் சற்று மேல். மேட் தன் எடையைப் போல் இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும், ரோவிங் தன் எடையளவே குடிக்கும். ஆகவே சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 3 கிலோ, சிந்தல் கழிவோடு 40 கிலோ ரெசின். பழைய பைபரோடு சேரும் ஓரத்தை 40 ஆம் இலக்கக் கடதாசியால் சரிவாகத் தேயுங்கள். தடிப்பைப் போல் 12 மடங்கு அகலச் சரிவு வேண்டும்: 6 மில்லிமீற்றர் தடிப்புக்கு 7 சென்ரிமீற்றர். சரிவில்லாமல் ஒட்டிய துண்டு முதல் பெரிய அலையிலேயே ஓரம் விடும்.

ஹார்ட்னரை (ரெசினை இறுக்கும் திரவம்) சித்திரை, வைகாசி வெயிலில் ரெசினின் எடையில் 1 சதவீதத்தோடு நிறுத்துங்கள். இரண்டு போட்டால் வாளியிலேயே இறுகிப் புகையும். ஒன்றுக்குக் கீழே இறக்கினால் உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கலக்காத ரெசின் என்றால் முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கரைத்து, அதன் பிறகே ஹார்ட்னர். இரண்டையும் நேரே ஒன்றோடொன்று சேர்த்தால் வெடிக்கும். தம்பிக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

காலம்: திருகோணமலையின் மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில்தான் பெய்கிறது. மாசி, பங்குனியில் தளத்தைத் திறந்து காயவிடுங்கள். சித்திரையிலிருந்து ஆனி வரை பைபர் வேலை. கச்சான் அடிக்கும் நாட்களில் மத்தியானத்தில் படை போட வேண்டாம், மணலும் தூசியும் ஈர ரெசினில் வந்து குந்தும். காலையில் பனி ஈரம் காய்ந்ததும் தொடங்கிப் பத்து மணிக்குள் முடியுங்கள். ஆடி, ஆவணி இஞ்சினுக்கு. புரட்டாதியில் இறக்கலாம். ஆனி முடிவில் தளம் மூடப்படவில்லையென்றால் இந்த வருடம் கடலை மறந்து, தறப்பாள் போட்டு இறுகக் கட்டிவிட்டு அடுத்த மாசிக்குக் காத்திருங்கள். அவசரத்தில் ஈர மரத்தின் மேல் பைபரை மூடியவர்கள்தான் இரண்டு வருடத்தில் அதே இடத்தைத் திரும்ப வெட்டுகிறார்கள்.

கேள்வி: "நிறுத்தும்போது நல்லா ஓடின இஞ்சின்" என்று, மூன்று வருடம் நின்ற படகொன்றை விற்பவர் சொல்கிறார். ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால் போதுமா?
– வாசகர், மூதூர்

பதில்: மூன்று வருடம் நின்ற இஞ்சினில் முதலில் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. வால்வு இறுகியிருந்தால் தண்டு வளையும். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் கனெக்ரிங் ரொட் வளையும், தண்ணீரை அமுக்க முடியாதே.

முதலில் ஒயில் தாங்கியின் அடி ஆணியை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் ஒயிலைவிடக் கனம், அதனால் இருந்தால் அதுதான் முதலில் வரும். நாலைந்து சொட்டு வந்து ஒயில் தொடர்ந்தால் வியர்வை ஈரமாக இருக்கலாம். அரைப் போத்தல் வந்தால், நாக்கில் வைக்க வேண்டாம், ஒரு தட்டில் காயவையுங்கள். வெள்ளையாய் உப்புப் படிந்தால் கடல் உள்ளே போயிருக்கிறது. அந்த இஞ்சினை இரும்பு விலைக்குக் கணக்கிடுங்கள்.

தண்ணீர் இல்லையென்றால் இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட்டு, ஓரிரு நாள் வைத்துவிட்டுக் கையால் கம்பி போட்டுச் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் கொம்பிரசன் பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையில் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திறக்க வேண்டி வரும். பழைய டீசல் முழுவதையும் வெளியேற்றித் தாங்கியைக் கழுவுங்கள். கடல்நீர்ப் பம்பின் இம்பெலரைப் பார்க்காமலே மாற்றுங்கள், மூன்று வருடம் ஒரே மடிப்பில் கிடந்த ரப்பர் வெடித்துத்தான் இருக்கும்.

ஓடும்போது ஒயில் மூடியைத் தளர்த்திப் பாருங்கள், புகை விட்டுவிட்டுத் தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால் டீசல் முழுதாக எரியாமல் இருக்கலாம். நீலம் என்றால் ஒயில் எரிகிறது. ஷாஃப்ட் (விசிறியைச் சுற்றும் தண்டு) இஞ்சினோடு நேராக இருக்கிறதா என்பதை மட்டும் கரையில் வைத்துப் பார்க்க வேண்டாம். படகு மிதந்து ஒரு நாளாவது போன பிறகு உடல் தன் வடிவத்துக்கு வரும், அப்போதுதான் இரண்டும் சேரும் கப்ளிங்கைப் பிரித்து இடைவெளி அளக்க வேண்டும்.

கேள்வி: என் கணவரும் அவருடைய அண்ணனும் பழைய படகொன்றை வாங்க என் நகையை அடகு வைக்கக் கேட்கிறார்கள். "எல்லாம் 15 இலட்சத்துக்குள் முடியும்" என்கிறார்கள். நான் என்ன கேட்க வேண்டும்?
– சகோதரி, குச்சவெளி

பதில்: நீங்கள் கேட்பது முற்றிலும் நியாயம். கணக்கை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதில் உடலும் இஞ்சினும் மட்டும் இருக்கும். விடுபட்டவை இவை: படகு நிற்கும் இடத்துக்கு மாத வாடகை, கரையேற்றி இறக்கும் கூலி, மின்சாரம், வலை அல்லது தூண்டில், வயர்லெஸ், கண்காணிப்புக் கருவி, உயிர்காப்பு அங்கிகள், நங்கூரம், முதல் பயணத்துக்கான டீசலும் ஐசும் சாப்பாடும். முதல் பயணம் வெறும் கையோடு வந்தால் இரண்டாவது பயணத்துக்கும் காசு வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி, எதிர்பாராத செலவுக்காக வந்த தொகையோடு அதில் பாதியைச் சேருங்கள். திறந்து பார்த்த படகென்றால் மூன்றிலொரு பங்கு போதும். அந்தத் தொகை நகையை வைக்காமல் வரவில்லையென்றால் அந்தப் படகு உங்கள் கைக்குப் பெரிது. அடகு வட்டி படகு கரையில் நிற்கும் மாதங்களிலும் ஏறும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

பதிவுப் பத்திரத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். உடலில் உள்ள பதிவு இலக்கமும் இஞ்சின் இலக்கமும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். லீசிங் பாக்கியோ வழக்கோ இருக்கிறதா என்பதை முற்பணம் கொடுக்கும் முன்பே மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்திலும் லீசிங் கொடுத்த இடத்திலும் விசாரியுங்கள். உரிமை மாற்றம் பதியப்படும் வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: பழைய பலநாள் படகைத் திருத்தித் திமிங்கிலம் பார்க்க வரும் ஆட்களை ஏற்றலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: மீன்பிடிப் பதிவை வைத்துக்கொண்டு பயணிகளை ஏற்ற முடியாது, தனிப் பரிசோதனையும் அனுமதியும் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் எடை. இந்தப் படகுகள் அடியில் ஐசும் மீனும் நிரம்பிய பாரத்தில் நிற்கக் கட்டப்பட்டவை. ஐஸ் அறையை வெறுமையாக்கி, மேல்தளத்தில் முப்பது பேரை நிறுத்தி, அவர்கள் எல்லோரும் திமிங்கிலம் தெரியும் ஒரே பக்கம் ஓடினால் படகு சாயும். நிலைப்புச் சோதனை செய்து, அடியில் நிரந்தரப் பாரம் எவ்வளவு வேண்டும் என்று கப்பல் அளவையாளர் ஒருவர் எழுதித் தந்த பிறகே ஆசனங்களுக்கு ஓர்டர் கொடுங்கள்.