ஜெட்டைத் தொடும் முன்: பழைய டூ ஸ்ட்ரோக் பைக் கேள்வி பதில்

ஸ்லைடு கார்புரேட்டரும் காண்டாக்ட் பாயிண்டும் (பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை முடிவுசெய்யும் சிறு ஸ்விட்ச்) உள்ள பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பாயிண்டே இல்லாத சிடிஐ (எலக்ட்ரானிக் இக்னிஷன்) வண்டி வைத்திருப்பவர்கள் பாயிண்ட் பற்றிய பதில்களைத் தாண்டிப் போகலாம்.

சார், கால்வாசி ஆக்ஸிலேட்டரில் வண்டி திணறுகிறது. மெயின் ஜெட்டை இரண்டு சைஸ் பெரிதாக்கியும் மாற்றமில்லை. இன்னும் பெரிதாக்கலாமா?

வேண்டாம். ஜெட் என்பது பெட்ரோல் பாயும் சிறு துளையுள்ள பித்தளைத் திருகு. அந்தத் திறப்பில் மெயின் ஜெட்டுக்கு வேலையே இல்லை. ஆக்ஸிலேட்டர் மூடியதிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் (ஐடிலிங்குக்கான சிறு ஜெட்) ஏர் ஸ்க்ரூவும் பேசும். அங்கிருந்து கால்வாசி வரை, ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சரிவு. கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியும் அது நுழையும் நீடில் ஜெட்டும். மெயின் ஜெட் தனியாட்சி செய்வது முக்காலுக்கு மேல்தான். இவை ஒன்றோடொன்று கொஞ்சம் கலந்துதான் வேலை செய்யும் என்றாலும், தேட வேண்டிய இடம் இதிலேயே தெரிந்துவிடும்.

கைப்பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி மூடியது, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் ‘அரை’ என்று நினைப்பது உண்மையில் கால்தான். திணறும் இடத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். வண்டி தெளிந்தால் லீன் (பெட்ரோல் குறைவு), இன்னும் மோசமானால் ரிச் (பெட்ரோல் அதிகம்). காசு செலவில்லாத சோதனை.

ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் குறையுமா, கூடுமா?

ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே போனால் காற்று குறையும், கலவை ரிச் ஆகும். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, முழுக்க உள்ளே இருக்கும் நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். ஐடிலிங் உச்சமாக ஏறும் இடம் ஒரு சுற்றுக்கும் உள்ளே வந்தால் பைலட் ஜெட் சிறிது. இரண்டரையைத் தாண்டினால் பெரிது.

ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் உடனே இறங்காமல் தொங்குகிறது. பைலட் ஜெட்டைப் பெரிதாக்கச் சொல்கிறார்கள்.

அதைச் செய்தால் நோய் மறைந்துகொள்ளும், போகாது. முதலில் காற்றுக் கசிவைத் தேடுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸும் (பிஸ்டனுக்குக் கீழுள்ள அறை) ஒரு பம்ப்தான். மேக்னெட் (கிராங்க்கோடு சுழலும் காந்தச் சக்கரம்) பக்க ஆயில் சீல் காய்ந்து வெடித்தால் அந்த வழியே வெறும் காற்றை உறிஞ்சும். ஐடிலில் ஓடவிட்டு இன்டேக் ரப்பர், பேஸ் கேஸ்கெட் விளிம்பு, மேக்னெட் தட்டின் பின்புறம் என்று கார்ப் க்ளீனரை ஒவ்வொரு இடமாக, துளித் துளியாக அடியுங்கள். எங்கே சத்தம் மாறுகிறதோ அங்கே கசிவு. சூடான சைலன்ஸர் மீது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தீப்பிடிக்கும்.

கிளட்ச் பக்க சீல் போயிருந்தால் கதை வேறு: கியர் ஆயிலையே உறிஞ்சி வெள்ளைப் புகையாக விடும். கியர் ஆயில் அளவு குறைகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிளக் காபி நிறத்தில் இருந்தால் எல்லாம் சரிதானே அண்ணா?

அந்த நிறம் நேற்று நீங்கள் டிராஃபிக்கில் நின்றதையும் சேர்த்துச் சொல்கிறது தம்பி. மெயின் ஜெட்டைப் பற்றி அறிய வேண்டுமென்றால் புதுப் பிளக் போட்டு, காலியான சாலையில் டாப் கியரில் முழு ஆக்ஸிலேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, அப்படியே கிளட்ச் பிடித்து அதே நொடியில் கில் ஸ்விட்சால் என்ஜினை அணைத்துவிடுங்கள். மெதுவாக உருட்டிக்கொண்டே வந்து நிறுத்தினால் ஒன்றும் மிஞ்சாது.

பார்க்க வேண்டியது நுனியை அல்ல. பீங்கான் கீழே இரும்போடு சேரும் ஆழத்தில், ஒரு மெல்லிய பழுப்பு வளையம் இருக்கும். லென்ஸ் வேண்டும். பொறுமை இல்லாத நான் பல பிளக்குகளை ஹாக்ஸாவால் அறுத்தே பார்த்திருக்கிறேன். வளையமே இல்லை என்றால் லீன். தடித்துக் கறுத்து மேலே ஏறியிருந்தால் ரிச். பீங்கானில் பளபளவென்று வெள்ளிப் பொடி போலத் தெரிந்தால் வண்டியை நகர்த்தாதீர்கள். அது உங்கள் பிஸ்டனின் அலுமினியம்.

டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) ‘மேல்புள்ளிக்கு 2 மி.மீ. முன்’, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர 2 மி.மீ. இருக்கும்போது, என்று கொடுத்திருக்கிறார்கள். 1.8 இருந்தால் பரவாயில்லையா?

கணக்குப் பாருங்கள். ஸ்ட்ரோக் 50 மி.மீ., கனெக்டிங் ராடு 100 மி.மீ. என்றால் 2 மி.மீ. என்பது சுமார் 20.7 டிகிரி. அந்த இடத்தில் ஒவ்வொரு 0.1 மி.மீ.யும் அரை டிகிரிக்குச் சமம். நீங்கள் சொல்லும் 0.2 ஒரு டிகிரிக்கு மேல். பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அளக்கும் முறையே அதைவிட அதிகமாகப் பிசகும்.

பிளக் துளையில் டயல் கேஜைப் போட்டு, மேக்னெட்டைக் கையால் மெல்ல அசையுங்கள். முள் ஏறி, ஒரு கணம் உறைந்து, திரும்பும். அந்த உறைந்த இடத்தைப் பூஜ்யமாக்குங்கள். பிறகு சுழலும் திசைக்கு எதிராக 4, 5 மி.மீ. போய், ஓடும் திசையிலேயே திரும்பி வந்து அளவை எடுங்கள். பேரிங், ராடு ஆட்டமெல்லாம் அப்போதுதான் ஒரே பக்கம் சாயும்.

பிளக் துளை சாய்வாக இருந்தால் கேஜ் பொய் சொல்லும். 20 டிகிரி சாய்வில், தட்டையான பிஸ்டன் தலைக்கு, உண்மையான 2 மி.மீ. ஏறக்குறைய 2.13 என்று காட்டும். குவிந்த தலை என்றால் இந்தக் கணக்கும் உதவாது. ஹெட்டைக் கழற்றி நேராக அளப்பதே மேல்.

பாயிண்ட் திறக்கும் கணத்தை மல்டிமீட்டர் பஸ்ஸரில் பார்த்தேன். நிற்காமல் கத்திக்கொண்டே இருக்கிறது.

மேக்னெட்டோ வண்டிதானே? பாயிண்ட் திறந்தாலும் காயில் வழியாக எர்த் கிடைக்கிறது. அதன் ரெசிஸ்டன்ஸ் மிகச் சொற்பம், பஸ்ஸருக்கு இரண்டும் ஒன்றுதான். காயில் ஒயரைப் பாயிண்டிலிருந்து கழற்றிவிட்டுப் பாருங்கள். அல்லது பாயிண்டுக்கு நடுவே சிகரெட் தாளை வைத்து லேசாக இழுத்தபடி மேக்னெட்டைத் திருப்புங்கள். தாள் நழுவும் கணமே திறப்பு.

முதலில் பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது உள்ள கேப்பை, அதாவது இடைவெளியை (பெரும்பாலும் 0.3 முதல் 0.4 மி.மீ.) சரிசெய்யுங்கள், டைமிங் அப்புறம். கேப் கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னே போகும். கேமில் (பாயிண்டைத் தள்ளித் திறக்கும் மேடு) உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேயக் கேப் குறைந்து டைமிங் பின்னே போகும். புதுப் பாயிண்ட் போட்டுச் சில நூறு கிலோமீட்டரில் வண்டி சோம்பலாவது இதனால்தான்.

டைமிங்கைக் கொஞ்சம் அட்வான்ஸ் செய்தால் (முன்னே தள்ளினால்) பிக்கப் கூடுமாமே?

கூடும். அதுதான் ஆபத்து. கீழ் ஆர்பிஎம்மில் சுறுசுறுப்பாகத் தெரியும், சூடு முழுவதும் பிஸ்டன் தலையில் இறங்கும். ரிடார்ட் செய்தால் (பின்னே தள்ளினால்) அதே சூடு சைலன்ஸருக்குப் போகும், கீழே இழுவை குறையும்.

நானும் ஒருமுறை ஆசைப்பட்டேன். மூன்று நாள் வண்டி பறந்தது. நான்காம் நாள் நீண்ட ஏற்றத்தில், டின்னில் கூழாங்கல் குலுக்கியது போல ஒரு சத்தம். ஹெல்மெட்டுக்குள் அதை ரசித்துக்கொண்டே போனேன் என்பதுதான் வெட்கம். பிஸ்டனின் நடுவில் பட்டாணி அளவு ஓட்டை. ஜெட்டிங் சரியாகத்தான் இருந்தது.

பாதுகாப்புக்காக ஆயிலை அதிகம் கலக்கிறேன். நல்லதுதானே ஐயா?

ஜெட் வழியாகப் போவது ஆயிலும் பெட்ரோலும் சேர்ந்த கலவை. ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும். 40:1-லிருந்து (40 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) 20:1-க்குப் போனால் கலவை லீன் ஆகும், ரிச் அல்ல. விகிதத்தை ஒன்றாக முடிவுசெய்து அப்புறம் ஜெட் பாருங்கள்.

எத்தனாலும் இதே பக்கம்தான் தள்ளும். ஒரு பங்கு சுத்தப் பெட்ரோல் எரிய எடைக்கணக்கில் காற்று 14.7 பங்கு வேண்டும், 10% எத்தனால் கலந்தால் சுமார் 14.1 போதும். அதே ஜெட்டில் காற்று மிஞ்சும், கொஞ்சம் லீன்.

ஊசியைக் கடைசி வரை இறக்கிவிட்டேன். அரை ஆக்ஸிலேட்டரில் இன்னும் ரிச்சாகவே கரகரக்கிறது.

ஊசியின் கிளிப் உச்சிப் பள்ளத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன், அதுதான் மிக லீனான நிலை. அப்படியும் ரிச் என்றால் முதலில் ஃப்ளோட் மட்டத்தை (கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரம்) பாருங்கள். அது சரியாக இருந்தால் ஊசியைச் சந்தேகப்படுங்கள். பல்லாயிரம் கிலோமீட்டர் அதிர்ந்து அதிர்ந்து நீடில் ஜெட்டின் வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும். ஊசியை வெளிச்சத்தில் சுழற்றினால் ஒரு பக்கம் பளபளப்பான பட்டை தெரியும். இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.

ஜெட்டை ட்ரில் போட்டுப் பெரிதாக்கலாமா?

கூடாது. கம்பி விட்டுக் குத்துவதும் கூடாது, பித்தளை மெத்து. நைலான் நரம்பு போதும். ஒரே எண் போட்டிருந்தாலும் இரண்டு கம்பெனி ஜெட்கள் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். சிலர் துளை விட்டத்தைக் குறிக்கிறார்கள், சிலர் பாயும் அளவை.

மலைக்குப் போனால் ஜெட் மாற்ற வேண்டுமா?

உயரம் கூடக் காற்று மெலியும், 1000 மீட்டருக்குச் சுமார் 10%. கலவை ரிச் ஆகும். ஒருநாள் பயணத்துக்கு விட்டுவிடுங்கள், வண்டி மந்தமாகும், கெடாது. ஆனால் மேலே போய்ச் சின்ன ஜெட் போட்டவர்கள் இறங்கும் முன் பழையதை மாட்ட மறந்தால் கீழே பிஸ்டன் ஜாம் ஆகும்.

கடைசியாக, மெயின் ஜெட்டை எங்கிருந்து தொடங்குவது?

பெரிய பக்கத்திலிருந்து. முழு ஆக்ஸிலேட்டரில் ‘பர்ர்ர்’ என்று ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரியும் அளவுக்கு ரிச்சாகத் தொடங்கி, ஒவ்வொரு சைஸாக இறங்குங்கள். அந்தக் கரகரப்பு மறைந்து சத்தம் ஒரே நூலாக இழுபடும் ஜெட் வந்ததும், அதைக் கழற்றி அதற்கு ஒரு சைஸ் பெரியதை மாட்டிவிட்டு டூல் பையை மூடிவிடுங்கள்.