‘கீழே போயிருக்கார்’: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். முந்தைய கட்டுரையில் ஒரு சொல்லின் பொருளை, முதலில் நேர்ப்பொருள், அதன்மேல் சூழல் ஏற்றும் குறிப்புப்பொருள் என்று இரண்டு அடுக்காகச் சொல்லியிருந்தீர்கள். எங்கள் ஊட்டியில் ‘அப்பா கீழே போயிருக்கார்’ என்றால் மேட்டுப்பாளையமோ கோவையோ போயிருக்கிறார் என்று பொருள். குன்னூரும் எங்களுக்குக் கீழேதான். ஆனால் அங்கே போனவரை அப்படிச் சொல்வதில்லை. அப்படியானால் ‘சமவெளி’ என்பது நேர்ப்பொருளா, குறிப்பா? பேசாமல் எல்லாமே சூழல்தான் என்று சொல்லிவிடலாமா?

ஆர்., ஊட்டி

அன்புள்ள ஆர்.,

இரண்டு அடுக்கு போதாதுதான். தொல்காப்பியம் பொருண்மை நிலையைத் ‘தெரிபுவேறு நிலையல்’ (வெளிப்படையாகத் தெரிவது), ‘குறிப்பின் தோன்றல்’ (குறிப்பால் தோன்றுவது) என இரண்டாக்குகிறது. அதை அப்படியே மொழித் தத்துவவாதி பால் கிரைஸ் ‘சொன்னது’, ‘குறிப்பால் உணர்த்தியது’ என்று பிரித்த பாகுபாட்டோடு ஒட்டவைத்தால் (நம்மவர் அன்றே சொன்னார் என்ற மகிழ்ச்சியில் பலரும் செய்வது) நடுவில் இருப்பது காணாமல் போகும். உங்கள் சொல் அந்த நடுவில்தான் நிற்கிறது.

‘சாயங்காலம் கூட்டத்துக்கு வருவாரா?’ ‘கீழே போயிருக்கார்.’ இந்தப் பதிலில் சூழலுக்கு மூன்று வேலை. எதற்குக் கீழே என்பதை அந்தச் சொல்லே கேட்கிறது. அதை நிரப்பாமல் வாக்கியம் மெய்யா பொய்யா என்று பார்க்கவே முடியாது. ‘இங்கே’, ‘நேற்று’ எல்லாம் இந்த வகை. தத்துவவாதி டேவிட் காப்லான் இவற்றின் நிலையான பொருளை ஒரு விதியாகப் பார்த்தார்: விதி மாறாது, பேசும் நாளும் இடமும் மாற மாற அது சுட்டுவது மாறும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850. விதிப்படி குன்னூரும் கீழே. அதைத் தள்ளிவிட்டுச் சமவெளி மட்டும் என்று குறுக்குவது இரண்டாவது வேலை. அதைச் சொல் கேட்கவில்லை. ‘ஆகவே கூட்டத்துக்கு வரமாட்டார்’ என்று கேட்பவர் ஊகிப்பது மூன்றாவது. கிரைஸ் சொன்ன குறிப்பு இதுதான்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் எப்படிப் பிரிப்பது? எல்லோரும் முதலில் எடுப்பது ரத்துச் சோதனை: பொருளை அடுத்த சொல்லிலேயே முரணில்லாமல் விலக்க முடிகிறதா என்று பார்ப்பது. ‘கீழே போயிருக்கார், ஆனா அஞ்சு மணிக்கு வந்துடுவார்’ என்றால் குறிப்பு விழுந்துவிடும், முரண்பாடு இராது. சிக்கல் என்னவென்றால், ‘கீழே போயிருக்கார், குன்னூர் வரைக்கும்தான்’ என்றும் சொல்லலாம். சமவெளியும் விழுகிறது. இதை முடிவான சோதனையாகக் கிரைஸே நம்பவில்லை.

‘ஆல்’ என்ற நிபந்தனை விகுதியைப் போட்டுப் பாருங்கள். ‘கீழே போயிருந்தால் இந்நேரம் வேர்த்துக் கொட்டியிருக்கும்.’ இங்கே நிபந்தனைக்குள் சமவெளி போய் உட்கார்ந்துகொண்டது, ‘வரமாட்டார்’ வெளியிலேயே நின்றுவிட்டது. மறுத்தும் பார்க்கலாம். ஆளைக் குன்னூரில் பார்த்தவர் ‘பொய்’ என்பார். ஆள் கூட்டத்துக்கு வந்துவிட்டால் அதற்காக யாரும் உங்களைப் பொய்யர் என்பதில்லை. ஆக, சமவெளி என்பது சொல்லப்பட்டதன் பகுதி. மதுரையிலிருந்து புதிதாக வந்தவர் ‘கீழேன்னா எங்கே?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தால், அது பாதி அகராதிக்குள் போய்விட்டது என்றும் கொள்ளலாம். என் கணிப்பு அதுவே.

இனி ‘எல்லாமே சூழல்’ கட்சி. தத்துவவாதி சார்லஸ் டிராவிஸின் உதாரணம் அவர்களுக்குப் பிடித்தது: செம்பழுப்பு இலைகளுக்குப் பச்சை வண்ணம் அடித்தாயிற்று. ‘இலை பச்சை’ என்பது படமெடுப்பவருக்கு மெய், தாவரவியலாளருக்குப் பொய். உங்கள் மலையில் வண்ணமே வேண்டாம். பறித்த தேயிலைக் கொழுந்தைச் சாக்கில் அமுக்கிக் கட்டினால் காற்றோட்டம் இல்லாமல் சூடேறும், நசுங்கிய இடம் சிவக்கும். தேயிலை ஆலைக் கணக்கில் அது ‘பச்சை இலை’தான், ஏனென்றால் அங்கே பச்சை என்பது இன்னும் பதப்படுத்தாதது. சாக்கைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்ப்பவர் ‘இலை பச்சையா இல்லையே’ என்பார். இருவரும் சொல்வது மெய்.

இதிலிருந்து சொல்லுக்கு நிலையான பொருளே இல்லை என்று தாவுவது அவசரம். சூழல் குறுக்கும், வளைக்கும், ஆனால் விதி போட்ட வேலிக்குள்தான். சுமார் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவுக்கு ஊட்டியிலிருந்து போனவரை, கிண்டலுக்கு அல்லாமல், ‘கீழே போயிருக்கார்’ என்று சொல்ல வைக்கும் ஒரு சூழலை யோசித்து எழுதுங்கள், பார்ப்போம்.