கணினி கேள்வி–பதில்: பூட்டிய கோப்பும் அடம்பிடிக்கும் பிரிண்டரும்

கேள்வி: எங்கள் ஸ்டோர்ஸ் இருப்புக் கணக்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-ல் மட்டுமே திறக்கும். விண்டோஸ் 7 கணினி. பாதுகாப்பு ஓட்டை என்று சொல்லி, 2020-ல் ஜேஸ்கிரிப்ட்.டிஎல்எல் கோப்பை (வலைப்பக்க நிரல்களை ஓட்டும் பழைய எஞ்சின்) யாரும் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். இப்போது புது யூஎஸ்பி பிரிண்டர் இன்ஸ்டால் ஆகவில்லை. பூட்டை எடுக்கலாமா?
- வாசகர், கரூர்

பதில்: எடுக்கலாம். அதற்கு முன் அந்தக் கணினியின் இணையத்தைத் துண்டித்துவிடுங்கள்.

பூட்டும் வழியைச் சொன்னது மைக்ரோசாஃப்ட்தான், 2020 ஜனவரி 17-ல். ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்ணில் இது சிவிஇ-2020-0674. இன்னும் பயன்பாட்டில் உள்ள நினைவகத் துண்டை, காலி என்று நினைத்து இந்தப் பழைய எஞ்சின் விடுவித்துவிடும். அந்த இடத்தைத் தன் தரவால் நிரப்பும் வலைப்பக்கம் உங்கள் கணினியில் தன் நிரலை ஓட்டலாம். பக்கத்தைத் திறந்தாலே போதும். எக்ஸ்புளோரர் 11 வழக்கமாக எடுப்பது ஜேஸ்கிரிப்ட்9 என்ற புதிய எஞ்சினை; அதில் இந்தக் கோளாறு இல்லை. ஆனால் பழைய எஞ்சினைப் பக்கமே கேட்டு வாங்க முடியும், வம்பு அங்கேதான். ஓட்டையை அடைக்கும் பேட்ச் பிப்ரவரி 11-ல் வந்தது. விண்டோஸ் 7-க்கு ஆதரவு ஜனவரி 14-லேயே முடிந்ததால், பணம் கட்டி நீட்டித்தவர்களுக்கு மட்டுமே கிடைத்தது.

பூட்டினால் சில யூஎஸ்பி பிரிண்டர்கள் மக்கர் செய்வது தெரிந்த பக்கவிளைவு. பூட்டியவரின் கணக்கிலேயே நுழையுங்கள். சிஸ்டம்32 ஃபோல்டரில் அந்தக் கோப்பை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி, எடிட் போய் 'எவ்ரிஒன்' பதிவை ரிமூவ் செய்யுங்கள். 64-பிட் கணினியில் சிஸ்வாவ்64 ஃபோல்டரிலும் இதையே செய்ய வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

இணையத்தைத் துண்டிக்க: கணக்கு சர்வர் அதே லேனில் (அலுவலக உள் நெட்வொர்க்கில்) இருந்தால், நெட்வொர்க் அடாப்டரின் ஐபிவி4-ல் நிலையான ஐபி கொடுத்து, டீஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வழி), டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றுவது) இரண்டையும் காலியாக விடுங்கள். ஐபிவி6 டிக்கையும் எடுங்கள். சர்வரைப் பெயர் சொல்லி அழைக்கும் மென்பொருள் என்றால் விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தப் பெயரை ஐபியோடு எழுத வேண்டியிருக்கும். அன்றாட வேலைக்கு அட்மின் கணக்கு வேண்டாம். புகுந்த நிரலுக்கு உங்கள் கணக்கின் உரிமை அத்தனையும் கிடைக்கும்.

இதெல்லாம் தற்காலிக ஏற்பாடுதான். விண்டோஸ் 11-ல் எட்ஜ் உலாவியின் ஐஇ மோடில் (எக்ஸ்புளோரர் எஞ்சினால் பக்கத்தைத் திறக்கும் வசதி) அந்த மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். அந்த எஞ்சினுக்கு இன்றும் பேட்ச் வருகிறது. ஐஇ மோடில் திறக்க எட்ஜ் செட்டிங்ஸில் கையால் சேர்த்த பக்க முகவரி 30 நாளில் காலாவதியாகும், மறுபடி சேர்க்க வேண்டும்.

கேள்வி: எக்ஸ்புளோரரை நான் தொடுவதே இல்லை. எனக்குப் பயமில்லையே?
- வாசகர், தென்காசி

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. 2021 செப்டம்பரில் வெளிவந்த சிவிஇ-2021-40444, வேர்டு கோப்பு வழியாக எக்ஸ்புளோரரின் பக்கம் காட்டும் எஞ்சினுக்குள் (எம்எஸ்எச்டிஎம்எல்) புகுந்தது. மின்னஞ்சலில் வந்த கோப்பின் மேலே மஞ்சள் எச்சரிக்கைப் பட்டை தெரிந்தால், அனுப்பியவரைப் போனில் கேட்காமல் 'எனேபிள் எடிட்டிங்' அழுத்தாதீர்கள்.