எஸ்எம்ஏ குழந்தை, ஒன்பது வாரக் கர்ப்பம்: மனையை விற்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பிடித்தம் போக மாதம் 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. எங்கள் மகளுக்கு ஒரு வயது ஏழு மாதம், எடை 9 கிலோ. உட்காருகிறாள், ஆனால் பிடித்துக்கொண்டுகூட நிற்பதில்லை. ‘சில பிள்ளைகள் மெதுவாகத்தான் நடக்கும்’ என்று வீட்டில் சொன்னதை நம்பி ஆறு மாதம் போய்விட்டது. போன மாதம் மரபணுப் பரிசோதனையில் எஸ்எம்ஏ (தசையை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோகும் நோய்), இரண்டாம் வகை என்று தெரிந்தது. ரிஸ்டிப்லாம் என்ற வாய்வழி மருந்தை ஆரம்பிக்கலாம் என்கிறார் டாக்டர். மனைவி என் அத்தை மகள். இப்போது ஒன்பது வாரக் கர்ப்பம். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் பரிசோதனை செய்ய மொத்தம் 40,000 ரூபாய் ஆகுமாம். எஃப்.டி 4.3 லட்சம், நகை 22 பவுன், அப்பா பெயரில் ஒரு மனை இருக்கிறது. பர்சனல் லோன் பாக்கி 1.6 லட்சம், அதற்கு இ.எம்.ஐ 9,400. எஸ்.ஐ.பி 5,000 போகிறது. மனையை விற்று, மீதிக்கு ஆன்லைனில் நிதி திரட்டி, இரண்டு வயதுக்குள் 16 கோடி ஊசியைப் போட்டுவிடு என்கிறார்கள் உறவினர்கள். வேலையை விட்டுவிட்டு சென்னைக்கே போய்விடலாமா என்றும் தோன்றுகிறது. எதை முதலில் செய்வது?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: முதலில் அந்த 40,000. மனை, ஊசி, சென்னை எல்லாம் அப்புறம்.

நீங்கள் கேட்டிருப்பதில் நாள் குறித்த செலவு அது ஒன்றுதான். எஸ்எம்ஏ வருவது எஸ்எம்என்1 என்ற மரபணுவில் உள்ள பிழையால். பெரும்பாலான குடும்பங்களில் அப்பா, அம்மா இருவருமே ஆளுக்கு ஒரு பிழையான பிரதியோடு, எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறார்கள். டாக்டர்கள் கேரியர் என்பது இவர்களைத்தான். அப்படி இருவரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ‘ஒன்றுக்கு வந்துவிட்டது, அடுத்ததற்கு வராது’ என்று யாராவது ஆறுதல் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்பாதீர்கள். அதேபோல ‘சொந்தத்தில் கட்டியதால் வந்தது’ என்று உங்கள் மனைவியிடம் யாரும் பேசவும் விடாதீர்கள். சொந்தத்தில் கட்டினால் இருவரிடமும் ஒரே பிழை இருக்கும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அந்நியத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கும் இது வருகிறது என்பதும் உண்மை.

நாள் கணக்கைப் பாருங்கள். நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கும் சி.வி.எஸ் பரிசோதனையை 11 வாரம் முடிந்ததும் செய்யலாம், 13 வாரம் வரை செய்வார்கள். அதைத் தவறவிட்டால் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்க 15 வாரம் தாண்ட வேண்டும். அதற்குப் பிறகு முடிவு வரவும் நாள் பிடிக்கும். 2021 திருத்தச் சட்டப்படி, கர்ப்பத்தைத் தொடர வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களுக்கு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், அதற்கு மேல் நடைமுறை கடினம். தொடரலாம் என்று முடிவெடுத்தாலும் இந்தப் பரிசோதனை வீண் இல்லை. அறிகுறி தெரியும் முன்பே மருந்தை ஆரம்பித்த குழந்தைகள் நன்றாகத் தேறுகிறார்கள். எது என்பது நீங்கள் இருவரும் மரபியல் டாக்டரோடு உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். என் வேலை, அந்த முடிவுக்குப் போதிய நாள் இருக்கும்படி பணத்தை எடுத்து வைக்கச் சொல்வது.

ஒரு விஷயம். கருவைப் பார்க்கும் முன் உங்கள் இருவரின் ரத்தத்தையும் எம்எல்பிஏ முறையில் (மரபணுவின் பிரதிகளை எண்ணும் பரிசோதனை) பார்த்திருக்க வேண்டும், மகளின் ரிப்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். இந்த வாரமே ரத்தம் கொடுங்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பம் முதல் பிள்ளையின் ரிப்போர்ட்டைத் தொலைத்துவிட்டு, அதே பரிசோதனைக்கு இன்னொரு முறை பணம் கட்டி, மூன்று வாரத்தையும் இழந்தது. எல்லா ரிப்போர்ட்டையும் ஸ்கேன் செய்து உங்கள் இருவரின் ஃபோனிலும் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை பதிவு பெற்ற மையத்தில்தான் நடக்கும், மனைவி கையெழுத்து போட வேண்டும். ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள். 1994 சட்டம், கேட்கவும் கூடாது.

சரி, மருந்துக்கு வருவோம். 2025 அக்டோபர் வரை ரிஸ்டிப்லாம் ஒரு பாட்டில் சுமார் 6.2 லட்சம். டெல்லி உயர் நீதிமன்றத்தில் காப்புரிமை வழக்கில், அதை விற்றுவந்த நிறுவனத்துக்குத் தடை உத்தரவு கிடைக்காமல் போனதும், ஹைதராபாத் நாட்கோ நிறுவனம் அதே மருந்தை 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. உங்கள் உறவினர்கள் பழைய உலகத்தின் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு பாட்டிலில் 60 மில்லிகிராம். இரண்டு வயது வரை ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.2 மில்லிகிராம். 9 கிலோ மகளுக்கு 1.8, பாட்டில் 33 நாள் வரும். இரண்டு வயது தாண்டினால் கிலோவுக்கு 0.25. 11 கிலோவில் பாட்டில் 22 நாளுக்குக் குறைவு, 15 கிலோவில் 16 நாள். 20 கிலோவை எட்டியதும் நாளுக்கு 5 மில்லிகிராம் என்று நின்றுவிடும், பாட்டில் 12 நாள். அதாவது இன்று மாதம் 15,000 சுமாரில் ஆரம்பித்து, சில வருடங்களில் 40,000 வரை ஏறி, அங்கேயே நிற்கும் செலவு. டோஸை டாக்டர்தான் முடிவு செய்வார், கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். கரைத்த பாட்டிலை 64 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜ் பழையது என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

இந்தச் செலவுக்கு மனை எதற்கு? எஃப்.டி-யிலிருந்து 40,000 பரிசோதனைக்கு. 1.6 லட்சத்தில் பர்சனல் லோனை முடியுங்கள், முன்கூட்டி முடிக்கும் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இ.எம்.ஐ 9,400 கையில் நிற்கும். எஸ்.ஐ.பி 5,000-ஐயும் இப்போதைக்கு நிறுத்துங்கள். ஆக 14,400. ஒரு பாட்டிலுக்கு 1,500 ரூபாய்தான் குறைகிறது. எஃப்.டி-யில் 2.3 லட்சம் மிச்சம் இருக்கும், அதைத் தொடாதீர்கள். சளி, நிமோனியா என்று அட்மிட் ஆனால் கைக்கு வேண்டும்.

செலவு ஏறப்போகும் வருடங்களுக்குத்தான் அரசுத் திட்டம். 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில் எஸ்எம்ஏ இருக்கிறது. ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை உதவி, 2022-இல் உயர்த்திய தொகை அது. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இதற்கான சிறப்பு மையங்களில் ஒன்று. அங்கே பதிவு செய்யுங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வராது, மருத்துவமனை வழியாகத்தான் வரும். காத்திருக்க வேண்டியும் இருக்கும், அதுவரை பாட்டிலை நீங்களே வாங்குங்கள். பழைய விலையில் அந்த 50 லட்சத்துக்கு எட்டு பாட்டில் கிடைத்திருக்கும். இன்று 314. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் வருடம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், உங்களுக்குப் பொருந்தாது.

16 கோடி ஊசி பற்றி. 2021-இல் நாமக்கல் பக்கமும் கண்ணூர் பக்கமும் ஊரே கூடிக் கொடுத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஊசி கிடைத்தது, நானும் படித்தேன். அன்று மலிவான வழி எதுவும் இல்லை. அது ஒரே முறை போடும் மரபணு சிகிச்சைதான், ஆனால் ஏற்கெனவே இழந்த நரம்பணுக்களை அதுவும் திருப்பித் தராது. ஐந்து மாதத்தில் 16 கோடி திரட்டும் ஓட்டத்தில் மருந்து ஆரம்பிப்பது தள்ளிப்போனால், அந்த இழப்புக்கு விலை கிடையாது. பிள்ளையின் படம் இணையத்திலேயே கிடக்கும் என்பதையும் யோசியுங்கள். டாக்டர் அந்த ஊசிதான் வேண்டும் என்று சொன்னால் பேச்சு வேறு.

வேலையை விடவே விடாதீர்கள். நிறுவனத்தில் குழுக் காப்பீடு இருந்தால், பிறவி நோய் உள்ள மகளும் அதில் இருக்கிறாளா என்று பாருங்கள். வெளியே தனியாக எடுக்கப் போனால் யோசிப்பார்கள். மரபணு நோய் என்ற ஒரே காரணத்துக்காக விலக்கி வைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கிறது, ஆனாலும் பாலிசி கொடுப்பது அவர்கள் கையில். வீட்டில் குடிக்கும் மருந்துக்கு இந்தக் காப்பீடு பொதுவாகத் தராது, அட்மிஷனுக்குத்தான். அடுத்த பிள்ளை பிறந்ததும் எத்தனை நாளுக்குள் பெயர் சேர்க்க வேண்டும் என்று ஹெச்.ஆரிடம் இப்போதே எழுதிக் கேளுங்கள்.

ஊனச் சான்றிதழும் யூ.டி.ஐ.டி அட்டையும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) வாங்குங்கள். அதை வைத்து வருமான வரியில் கழிவு எடுக்கலாம் என்று நண்பர் யாராவது சொல்வார். அது பழைய வரி முறையில்தான். உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது, அதற்காக மாற வேண்டாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவிக்கு மகள் தகுதி பெறுவாளா என்று கேளுங்கள்.

உங்கள் பெயரில் ஒரு கோடிக்கு டெர்ம் இன்சூரன்ஸ் எடுங்கள், மனைவியை நாமினியாகப் போடுங்கள். நகையை வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அடகு வைக்கலாம். மனையை விற்பதானால் ஒரே காரணத்துக்கு விற்கலாம். இப்போது மாடியில் குடியிருக்கிறீர்கள் என்றால், சக்கர நாற்காலி நுழையும்படி தரைத்தளத்தில் ஒரு வீட்டுக்காக. அதற்கும் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. ரத்தம் கொடுக்க அவ்வளவு நாள் இல்லை, நாளை காலையே போய்விட்டு வாருங்கள்.