ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, பேச ஆள் இல்லை

வணக்கம் அம்மா,

எனக்கு 22 வயது. சொந்த ஊர் கும்பகோணம். முதுகலை படிக்க ஆகஸ்டில் மொரீஷியஸ் வந்தேன். ரோஸ் ஹில்லில் ஒரு வீட்டு மாடியில் வாடகை அறை. அங்கிருந்து மெட்ரோவில், பல்கலைக்கழகம் இருக்கும் ரெதுய்க்குப் போய் வருகிறேன்.

வந்த புதிதில் தலைகால் புரியாத சந்தோஷம். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து. போகிற வழியில் முருகன் கோயில். வகுப்பில் நாலைந்து பேருக்கு வீராசாமி, சுப்பிரமணியன் மாதிரி குடும்பப் பெயர். "வெளிநாடு மாதிரியே இல்லை" என்று வீட்டில் சொன்னேன்.

ஆனால் அவர்களில் யாருக்கும் தமிழ் பேச வராது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். ஆசிரியர் வெளியே போனதும் எல்லாரும் கிரியோலுக்கு, அதாவது பிரெஞ்சிலிருந்து உருவான இந்த ஊர்ப் பேச்சுமொழிக்கு, மாறிவிடுவார்கள். அவர்கள் சிரிக்கும்போது, எதற்கென்று தெரியாமல் நானும் சிரிக்கிறேன். சாயங்காலம் சீக்கிரமே கடைகளை அடைத்துவிடுகிறார்கள், தெரு வெறிச்சோடிவிடுகிறது. எங்கள் ஊரில் அந்த நேரத்தில்தான் கடைத்தெரு களைகட்டும்.

அக்டோபரில் ஒரு தப்பு செய்துவிட்டேன். கேன்டீனில் கூடப் படிக்கும் பெண்ணிடம், "முருகன் பேரை வைத்துக்கொண்டு தமிழில் ஒரு வார்த்தை தெரியவில்லையே, வெட்கமாக இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். முதல் வாரம் எனக்குத் தால்பூரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) வாங்கிக் கொடுத்து, எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று காட்டியவளே அவள்தான். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். அதிலிருந்து மற்றவர்களும் என்னிடம் அளவாகத்தான் பேசுகிறார்கள்.

இப்போது வகுப்பு விட்டால் அறைதான். ஒரு நாளைக்கு நாலு தடவை ஊரில் இருக்கும் என் அம்மாவுக்கு போன். இங்கே ராத்திரி பத்தரை என்றால் அங்கே பன்னிரண்டு. அம்மா தூங்காமல் காத்திருக்கிறாள். "நல்லா இருக்கேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டு அழுகிறேன். அப்பா கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார். திரும்பிப் போய்விடலாமா?

*

அன்புள்ள மகளுக்கு,

என் மகளுக்கும் உன் வயதுதான், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். நானும் கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தவள். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கிரியோலில் பேசிய மாமியாரைப் பார்த்து, அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன்.

நீ ரஷ்யாவுக்குப் போயிருந்தால், மொழி புரியாது என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டு போயிருப்பாய். இங்கே முகம், பெயர், சாமி எல்லாம் நம்முடையவை. வீட்டுக்கே வந்துவிட்டோம் என்று மனம் நம்பிவிட்டது. நம்பி ஏமாந்த மனதுக்குக் கோபம் வரும். கேன்டீனில் அந்தப் பெண் மேல் விழுந்தது அந்தக் கோபம்தான். கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1960-இல் எழுதியதும் இதுதான்: புது நாட்டுக்குப் போகிறவர்களுக்கு முதலில் தேனிலவு போல ஒரு காலம், அப்புறம் அந்த ஊர்க்காரர்கள் மேலேயே எரிச்சல். எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் உன் கடிதத்தில் இரண்டும் அதே வரிசையில் இருக்கின்றன.

இனி அவள் பக்கத்தைப் பார். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்களைக் கொண்டுவந்தார்கள். 1834 முதல் ஆங்கிலேயர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். பல மொழிக்காரர்கள் சேர்ந்து உழைத்த இடத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது கிரியோல். பள்ளிக்கூடமோ ஆங்கிலமும் பிரெஞ்சும். அப்படித்தான் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வாயிலிருந்து நழுவியது. காவடியை மட்டும் விடவில்லை. தேவாரத்தை ரோமன் எழுத்தில் வைத்துக்கொண்டு பாடுகிற பெண்களை இங்கே பார்த்திருக்கிறேன். அர்த்தம் தெரியாது, ஆனால் ஒரு அடியை விடமாட்டார்கள். தமிழ் தெரியாதது அந்தப் பெண் செய்த குற்றம் இல்லை அம்மா. அவள் பிறப்பதற்கு முன்பே அவள் குடும்பத்தின் கையை விட்டுப் போனது அது. வலிக்கிற இடம் என்று தெரியாமல்தான் நீ கை வைத்தாய். இருந்தாலும் மன்னிப்பு கேட்க வேண்டியது நீதான்.

மெசேஜ் அனுப்பாதே, நேரில் போ. "எஸ்கீஸ் முவா" என்று கிரியோலிலேயே ஆரம்பி, மீதியை ஆங்கிலத்தில் சொல். "ஊர் ஞாபகம் தாங்க முடியவில்லை, அதை உன் மேல் காட்டிவிட்டேன்" என்றால் போதும். அவள் உடனே பழையபடி ஆகாமல் போகலாம். வற்புறுத்தாதே. பார்க்கும்போது நலம் விசாரிப்பதை மட்டும் நிறுத்தாதே.

கிரியோல் கற்றுக்கொள். அதனால் உன் தமிழ் குறைந்துவிடாது. "கி மான்யேர்?" என்றால் எப்படி இருக்கிறாய், "கோரெக்" என்றால் நன்றாக இருக்கிறேன். தால்பூரிக்காரரிடம் "என் பேர்" என்று கேட்டுப் பார். நம் காதுக்கு வேறு மாதிரி கேட்கும். இங்கே அதற்கு ஒரு ஜோடி என்று அர்த்தம், இரண்டு தால்பூரியைச் சேர்த்து மடித்துத் தருவார். தினமும் ஒரே கடைக்கு ஒரே நேரத்தில் போ. கொஞ்ச நாளில் அவரே பேச்சுக் கொடுப்பார்.

அம்மாவுக்கு நாலு போன் வேண்டாம். இங்கே ஏழு மணிக்கு ஒன்று போதும், அங்கே எட்டரை. அதில் உண்மையைச் சொல். "நல்லா இருக்கேன்" என்கிற குரலிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். இல்லாவிட்டால் நடுராத்திரி வரை ஏன் விழித்திருக்கிறார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் இரண்டு வாரம் ஓடினால், வகுப்புக்கே போக முடியாமல் போனால், பல்கலைக்கழக ஆலோசகரையோ டாக்டரையோ உடனே பார். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் விடியும் வரை காத்திருக்காதே. கீழ்வீட்டுக் கதவைத் தட்டு.

தைப்பூசம் வரப்போகிறது. இங்கே அது அரசு விடுமுறை. கொடியேறியதும் பத்து நாள் விரதம், கோயில் சமையல்கட்டில் காய் நறுக்க எப்போதும் ஆள் தேவைப்படும். போய் உட்கார், ஒரு கத்தியைக் கையில் கொடுப்பார்கள். வாழையிலையில் ஏழு கறி பரிமாறுகிற வரைக்கும் வேலை இருக்கும், அதற்குப் பெரிதாக மொழி வேண்டாம். பாட்டில் ஒரு வரிக்கு அர்த்தம் என்ன என்று யாராவது உன்னிடம் கேட்பார்கள். பொறுமையாகச் சொல்லிக் கொடு.

திரும்பிப் போவதா என்ற கேள்வியை அதுவரை தள்ளி வை. தைப்பூசம் முடிந்த பிறகும் போகத்தான் வேண்டும் என்று தோன்றினால் எனக்கு எழுது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று சேர்ந்து யோசிப்போம்.