செஞ்சி யாருடைய கோட்டை?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் என் மகளைச் செஞ்சிக்குக் கூட்டிப்போனேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சின்ன வயதில் என் தாத்தா தேசிங்குராஜன் கதையைப் பாட்டாகவே சொல்லுவார். பாராசாரிக் குதிரையையும் அந்த இளம் ராஜாவின் சாவையும் கேட்டு நான் அழுதிருக்கிறேன். அதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவள் நடுவில் நிறுத்தி, "யுனெஸ்கோ பட்டியல்ல மராத்தியர் கோட்டைன்னுதானேப்பா வந்திருக்கு, அப்புறம் எப்படி தேசிங்கு கட்டியிருப்பாரு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ராஜாவின் அரண்மனையைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக வந்தவளுக்கு அங்கே வெறும் அடித்தளம்தான் கிடைத்தது. பாதி மலை ஏறி, வெயில் தாங்காமல் திரும்பிவிட்டோம். தாத்தா சொன்னதெல்லாம் பொய்யா?

ஒரு வாசகர், திண்டிவனம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சரியான இடத்தில் நிறுத்திக் கேட்டிருக்கிறாள். முதலில் அவளுக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். தேசிங்கு அந்தக் கோட்டையைக் கட்டவில்லை. புந்தேல ராஜபுத்திரரான அவன் தந்தை சொரூப்சிங், முகலாயர் கையில் கோட்டை இருந்தபோது அதன் பொறுப்பில் இருந்தவர். 1714இல் அவர் இறந்ததும் மகன் தேஜ்சிங், அதாவது நம் தேசிங்கு, வந்து உட்கார்ந்தான். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானுக்கு அடங்க மறுத்தான். அதே ஆண்டு அக்டோபரில் போர்க்களத்தில் செத்தான். வயது 22 என்கிறார்கள். அவன் ஆண்டது சில மாதங்கள்தான். அதற்கு முன்பே அந்த மதில்கள் சில நூற்றாண்டு வெயிலைப் பார்த்துவிட்டன.

மராத்தியரும் அதை முதலில் கட்டியவர்கள் அல்லர். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஆனந்தக்கோன், கிருஷ்ணக்கோன் என்ற இடையர் குலத் தலைவர்கள் மலைமேல் முதல் அரண்களை எழுப்பினார்கள் என்பது மரபுவழிச் செய்தி. கோட்டை ஒரு பெருநகரமானது விஜயநகரத்துக்குக் கீழ் ஆண்ட நாயக்கர்கள் காலத்தில். 1597இல் இங்கே வந்த பிமெண்டா என்ற ஏசுசபைப் பாதிரியார், இந்தியாவில் தாங்கள் பார்த்ததிலேயே பெரிய நகரம் இதுதான், போர்த்துக்கல்லில் லிஸ்பனைத் தவிர வேறெந்த ஊரும் இவ்வளவு பெரிதில்லை என்று எழுதினார். இன்று திருவண்ணாமலை பஸ்ஸில் அந்த மலைகளுக்கு நடுவே போகும்போதெல்லாம் எனக்கு அந்த வரி ஞாபகம் வரும். வேலிக்காத்தானும் பாறையுமாகக் கிடக்கும் அந்த வெளி முழுக்க ஒரு காலத்தில் தெருக்கள்.

1649இல் பிஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677இல் சிவாஜி பிடித்தார். சிவாஜி இங்கே செய்த வேலையைப் பற்றி அடுத்த ஆண்டே இன்னொரு ஏசுசபைப் பாதிரியார் எழுதியிருக்கிறார். புது மதில், அகழி, கொத்தளம், நீர்த்தேக்கம் எல்லாம் ஐரோப்பியரே குறை சொல்ல முடியாத நேர்த்தியோடு எழுந்தன என்கிறார் அவர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அறிவித்த 12 மராத்தியக் கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்க, பன்னிரண்டாவதாகச் செஞ்சி சேர்ந்தது அதனால்தான். அந்தப் பெயரில் பட்டியலிட்டதில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் படித்துவிட்டு ஒரு குழந்தை நாயக்கர்களை மறந்துவிட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, அரண்மனை விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து அரண்மனைகள் பெரும்பாலும் கல்மேடையின்மேல் மரமும் செங்கல்லும் சுதையுமாக எழுந்தவை. கைவிட்டுப் போனால் மேல்கட்டு போய்விடும், மேடை மட்டும் மிஞ்சும். செஞ்சியில் அரண்மனையைத் தேடிப் போகிறவர்கள் எல்லாருமே ஏமாந்துதான் திரும்புகிறார்கள். தேட வேண்டியது தண்ணீரை. செஞ்சியின் கதை முழுக்கத் தண்ணீரில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலைகள். மூன்றையும் முக்கோணமாக இணைத்து மதில். பாறை தானாகவே செங்குத்தாக நிற்கிற இடத்தில் மதிலே இல்லை, அல்லது சும்மா இரண்டு வரிசைக் கல். பாறை விட்டுப்போன இடைவெளியை மட்டும் மனிதர்கள் அடைத்திருக்கிறார்கள். எதிரியைத் தடுக்க இது போதும். உள்ளே இருப்பவர்கள் உயிரோடு இருப்பதற்கு? கோடையில் அந்தப் பாறை காய்கிற காய்ச்சல் உங்களுக்கே தெரியும், பாதியில் திரும்பியிருக்கிறீர்கள். அந்தப் பாறைமேல் வருடக்கணக்கில் படையை வைத்திருக்க வேண்டும் என்றால் மழைக்காலத்தில் விழும் ஒவ்வொரு துளியையும் பிடித்தாக வேண்டும். மலைமேல் சுனைகள். அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம். அரண்மனை மேடையை ஒட்டிப் படிக்கட்டுகளோடு ஆனைக்குளம்.

கல்யாண மகாலை நீங்கள் பார்த்திருப்பீர்கள், சதுர முற்றத்தின் நடுவே அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பு போல முடிகிற கட்டடம். எல்லாரும் அதன் வளைவுகளுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அந்தக் கட்டடத்தின் மேல்தளங்களுக்கும் சுடுமண் குழாய்களில் தண்ணீர் ஏறியிருக்கிறது! மேட்டில் தேங்கிய நீர், குழாயில் அடைபட்டால் தன் மட்டத்தைத் தேடி ஏறும். அந்த எளிய உண்மையை நம்பி மாடி மாடியாகக் கட்டினார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் களஞ்சியம். உள்ளே நுழைந்து அதன் சுவரின் கனத்தைப் பாருங்கள். அரண்மனைக்குக்கூட இல்லாத கனம் நெல்லுக்கு இருந்தது.

இதற்கெல்லாம் பரீட்சை 1690இல் வந்தது. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கியிருக்க, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் கோட்டையை வளைத்தார். 1698இல்தான் விழுந்தது. ஏழு ஆண்டுகளுக்கும் மேல்! நடுவில் 1692 கடைசியில் மராத்தியக் குதிரைப்படைகள் வெளியிலிருந்து வந்து முகலாயரையே மடக்கிவிட, சுல்பிகர்கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியிருந்தது. கோட்டை விழுவதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவில் பிடித்தார். மதில் அதேதான், அகழியும் அதேதான். உள்ளே இருந்தது வெளியே தோற்று ஓடிவந்து ஒதுங்கிய படை, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த இரண்டையும் சேர்த்து உங்கள் மகளிடம் சொல்லுங்கள். கல் எவ்வளவு காக்கும், மனிதன் எவ்வளவு காக்க வேண்டும் என்பதை அவளே யோசித்துக்கொள்வாள்.

உங்கள் தாத்தா பொய் சொல்லவில்லை. தேசிங்கு கோட்டையைக் கட்டினான் என்று அந்தக் கதைப்பாட்டுக்குச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அது ஒரு சின்னப் பையன் பெரிய படைக்கு எதிரே போனதைப் பற்றியது. கல்யாணக் கோலத்திலிருந்து எழுந்து அவனுக்காகச் சண்டைக்கு வந்த இஸ்லாமிய நண்பனைப் பற்றியது. வடக்கே இருந்து வந்த ஒரு புந்தேலனைத் தமிழ்க் கிராமத்துப் பாடகர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையாக எடுத்துக்கொண்டு இத்தனை காலம் அழுதிருக்கிறார்கள். எந்த ராஜாவுக்கும் அந்த ஊர் மனிதர்கள் இப்படி ஒரு கோட்டையை எழுதிக்கொடுத்ததில்லை. அவள் கேள்வி கேட்டதற்காகப் பாட்டைச் சொல்வதை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

அடுத்த முறை மார்கழி, தை மாதத்தில் போங்கள். காலையிலேயே ராஜகிரி ஏறத் தொடங்குங்கள். 800 அடி உயரம். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து சுமார் 60 அடி ஆழத்துக்குப் பள்ளம் இருக்கும். அன்று அதன்மேல் எடுத்துவிடக்கூடிய மரப்பாலம் இருந்தது. அதைத் தாண்டினால் மேலே ரங்கநாதர் கோயிலும் இன்னொரு களஞ்சியமும். அங்கே நின்று கீழே பார்த்தால் ஆனைக்குளம் தெரியும். இறங்கிய பிறகு வெங்கட்ரமணர் கோயிலுக்கும் போங்கள். பிறகு புதுச்சேரிக்குப் போகிற நாளில், கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற உயரமான கல்தூண்களை மகளுக்குக் காட்டுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை அவை.

அன்புடன்.